தீட்டித் தரும் துத்தநாகம்

கார்பாக்சிபெப்டிடேஸ் ஏ, கணையத்தில் உருவாகிச் சிறுகுடலில் புரதச் சங்கிலியின் வால்நுனியை ஒவ்வொரு அமினோ அமிலமாக நறுக்கும் நொதி. மாட்டுக் கணைய நொதியில் 307 அமினோ அமிலங்கள். துத்தநாகம் ஒரே ஓர் அணு. இரண்டு ஹிஸ்டிடின்களும் ஒரு குளூட்டமேட்டும் அதைப் பிடித்திருக்க, மிச்ச இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு. அணுவை உருவிவிட்டால் நொதி சும்மா கிடக்கும். திருப்பிக் கொடுத்தால் மறுபடி வெட்டும். ஆகவே துத்தநாகமே கத்தி என்று சொல்லத் தோன்றும். என் கணிப்பில் கத்தி அந்த நீர்தான். அதைத் தீட்டித் தருவது துத்தநாகம்: நீரின் புரோட்டான் எளிதில் கழல்கிறது, அருகிலுள்ள 270ஆம் எண் குளூட்டமேட் அதை வாங்கிக்கொள்கிறது, கூர்மை பெற்ற நீர் பெப்டைடு பிணைப்பைத் தாக்குகிறது.

துத்தநாகத்தின் இடத்தில் கோபால்ட்டை வைத்தாலும் நொதி வெட்டுகிறதே, இன்னும் வேகமாகக்கூட; பிறகென்ன பெருமை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் துத்தநாகம் எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கலில் இறங்காத உலோகம். உயிரணுவுக்குள் இந்த மந்தகுணம் பெரிய தகுதி. பரபரப்பானதையே நாயகனாக்கும் பழக்கம் அறிவியலிலும் உண்டு. இந்த நொதியின் அமைப்பை ஆராய்ந்த லிப்ஸ்கோம் குழுவின் எக்ஸ் கதிர்ப் படங்களில், இரை வந்து அமர்ந்ததும் 248ஆம் எண் டைரோசின் சுமார் 12 ஆங்ஸ்ட்ராம் தூரம் வீசித் திரும்புவது தெரிந்தது. வினையை நடத்துவதே அதுதான் என்று பலர் நினைத்தார்கள். 1985இல் அதை மாற்றி ஃபினைல்அலனினை வைத்துப் பார்த்தார்கள். வெட்டு நிற்கவில்லை. துத்தநாகத்தின் முக்கியத்துவமோ மருந்திலும் தெரிகிறது: இந்த நொதியை முன்மாதிரியாகக் கொண்டு வடிவமைத்த இரத்த அழுத்த மாத்திரையான கேப்டோப்ரிலில், வேறொரு நொதியின் துத்தநாகத்தைக் கவ்விப் பிடிப்பது ஒரு கந்தக அணு.