அணையில் எத்தனை அடி?

பேச்சிப்பாறை அணையில் 48 அடி வரை தண்ணீர் தேக்கலாம். பெருஞ்சாணியில் 77 அடி. மழை பிடித்துவிட்டால் நாகர்கோவிலில் கைக்கு வரும் நாளிதழ்களின் ஒரு மூலையில் அன்றைய நீர்மட்டம் வந்துவிடும். நாலைந்து வரிதான். கன்னிப்பூ நெல் நடவுக்குக் காத்திருப்பவர் தலையங்கத்தைத் தாண்டிப் போய் அதைத்தான் முதலில் பார்ப்பார். எனக்கும் அந்த நாலு வரியின்மேல் தனிப் பிரியம் உண்டு. கல்லூரி இதழுக்குச் செய்தி எழுதப் பழகும் பிள்ளைகள் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

கற்றுக்குட்டியின் முதல் பிரதியில் பெரும்பாலும் 'அணை நிரம்புகிறது, விவசாயிகள் மகிழ்ச்சி' என்று இருக்கும். எந்த விவசாயி மகிழ்ந்தார், யார் போய்க் கேட்டது? கொஞ்சம் தேறியவர் எழுதுவதைப் பாருங்கள்: காலை எட்டு மணிக்கு இத்தனை அடி, முந்தின நாளைவிட இத்தனை கூடுதல், உபரி நீர் இன்னும் திறக்கப்படவில்லை. ஒரு உரிச்சொல் கிடையாது. ஆனால் திற்பரப்புக்குக் குளிக்கப் புறப்பட்டவர் பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று யோசிப்பார். வயல்காரர் மண்வெட்டியை எடுப்பார். வாசகரை எழுந்து நிற்க வைக்கும் எண்ணைத் தேடி எடுப்பதில்தான் இந்தக் கலையின் முதல் ருசி.

இரண்டாம் பாடத்துக்குத் தோவாளை பூச்சந்தைக்குப் போகவேண்டும், அதுவும் இருட்டோடு. ஓணம் நெருங்கும் நாளில் பிச்சியும் மல்லிகையும் என்ன விலை என்று கேட்டால், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விலை சொல்வார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. விடியுமுன் வந்தவருக்கு ஒரு விலை, வெயில் ஏறி வந்தவருக்கு வேறு விலை. விற்றவர் வாயில் ஒன்று, வாங்கியவர் வாயில் இன்னொன்று. விலையோடு நேரத்தையும், சொன்னவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதையும் எழுதிய மாணவர் பாதி நிருபர் ஆகிவிட்டார். 'அண்ணாச்சி, நேற்று இதே நேரம் என்ன விலைக்குப் போச்சு?' என்று கூடவே கேட்டிருந்தால் முக்கால்.

இப்படிச் செய்தி எழுதப் பழகும் நாகர்கோவில் வட்டாரத்துக்கு அச்சு மை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷன்காரர்கள் நாகர்கோவிலில் அச்சகம் வைத்துவிட்டார்கள். 'ஜனசக்தி'யோடு பெயர் சேர்ந்துபோன ஜீவா பூதப்பாண்டிக்காரர். வடசேரிக்காரரான டி.வி. ராமசுப்பையர் 1951இல் திருவனந்தபுரத்தில் 'தினமலர்' தொடங்கினார். தென் திருவிதாங்கூர்த் தமிழர்கள் தமிழகத்தோடு சேரப் போராடிய காலம் அது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. பிறகு, விகடன் நடத்திவந்த மாணவர் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் கல்லூரிப் பிள்ளைகளின் கையில் குறிப்பேட்டைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்பியது. படித்துக்கொண்டே எழுதலாம் என்பதோடு, எழுதுவதே ஒரு படிப்பு என்பதையும் அது ஊர் ஊராகக் காட்டியது.

மூன்றாம் பாடம் கடற்கரையில். இது ருசிக்கிற பாடமல்ல, கனக்கிற பாடம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கத்து மீனவர்கள் பலர் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? அரசு சொன்ன கணக்கு ஒன்று, கரை சொன்ன கணக்கு வேறொன்று. ஊர்க் கோயில்களில் பெயர் பெயராகப் பட்டியல் எழுதினார்கள். அப்படியொரு பட்டியலின் முன் நிற்கும் மாணவ நிருபருக்கு முதலில் வரவேண்டிய கேள்வி: 'எந்த ஆன்றனி?' ஒரே துறையில் ஆன்றனிகள் பலர் இருப்பார்கள். அப்பா பெயர், வீட்டுப் பெயர், போன வள்ளம், கூடப் போனவர் என்று கேட்டு எழுதாவிட்டால், உயிரோடு வேறு துறைமுகத்தில் கரையேறியவரைக் காணாதவர் பட்டியலில் சேர்த்துவிடுவோம்; காணாதவரை விட்டுவிடுவோம். ஒரு எழுத்துப் பிழை அங்கே ஒரு வீட்டின் அழுகை.

அணையில் எண்ணை மதிக்கப் பழகியவர், சந்தையில் அந்த எண் யார் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகுகிறார்; கரையில் எண்ணுக்குப் பின்னால் பெயர்கள் இருப்பதை அறிகிறார். இந்த வரிசையில் கற்றவரின் எழுத்து எனக்கு உடனே தெரிந்துவிடும். வாக்கியம் குட்டையாக இருக்கும். 'கூறப்படுகிறது' என்ற சொல் அதிகம் வராது. யார் கூறினார் என்பது வந்துவிடும். வட்டார வழக்கை மேற்கோளுக்குள் அப்படியே விட்டிருப்பார், திருத்தி மினுக்கியிருக்கமாட்டார். தெரியாததை அலங்காரத்தால் மூடாமல் இன்னொரு தடவை பஸ் ஏறிப் போயிருப்பார்.

கல்லூரி ஆண்டு விழா மலரில் முதல்வர் உரையும் பரிசு பெற்றவர் படமும் பத்துப் பக்கம் போகட்டும், தப்பில்லை. ஒரே ஒரு பக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். விடுதிக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, கல்லூரி வாசலில் நிற்காமல் போகும் பஸ் எது என்று அவர்கள் பார்த்து, கேட்டு, எண்ணி எழுதட்டும். அந்தப் பக்கத்தைத்தான் நான் முதலில் புரட்டுவேன்.