விதை வணிகரின் படக்கருவி: றொபேர்ட்டோ டொனெற்றா பற்றிய ஒரு குறிப்பு

நிழற்படக் கலையின் வரலாறு பெரும்பாலும் நகரப் படப்பிடிப்பு நிலையங்களை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஊரூராக நடந்து படம் பிடித்துப் பிழைத்தோர் அவ்வரலாற்றில் இடம்பெறும்போதும் தனிமேதைகளாகவே போற்றப்படுகின்றனர். தொழிலை விலக்கிவிட்டுக் கலையை விளக்க இயலுமா என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

சுவிற்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பிரதேசமான திச்சினோவிற் பிறந்த டொனெற்றா (1865–1932), பிளேனியோப் பள்ளத்தாக்கில் மரக்கறி, பூ விதைகளை விற்றுத் திரிந்தவர். விதை வாங்கிய குடியானவர்களே அவரிடம் படமும் பிடித்துக்கொண்டனர். ஆலைகளில் ஆயத்தம் செய்யப்பட்ட உலர் கண்ணாடித் தட்டுகள் 1880களிற் பரவியமையே இத்தகைய தொழிலுக்கு வழிவகுத்தது. அதற்கு முந்திய ஈரத்தட்டு முறையில், வெளியூர் செல்பவர் இருட்டுக் கூடாரத்தையும் இரசாயனங்களையும் உடன் சுமக்க வேண்டியிருந்தது.

இவ்வுழைப்பு நிலைமைகள் படங்களின் வடிவத்தையே நிர்ணயித்தன. நிலையம் இன்மையால் முற்றத்துப் பகலொளியே விளக்காயிற்று. சுவரில் தொங்கவிட்ட துணியே பின்திரையாயிற்று. அச்சிடுகையில் ஓரங்களை நீக்கிவிடலாம் என்பதால், துணிக்கு அப்பாலுள்ள கற்சுவரும் மண்தரையும் அவருக்கு இடையூறாகவில்லை. இன்றோ முழுத்தட்டையும் காணும் நாம் அவ்வோரங்களையே வியக்கின்றோம். வாடிக்கையாளர் விலைகொடுத்துப் பெற விரும்பியது துணியின் முன் நிமிர்ந்து நிற்கும் கௌரவத்தை. நமக்கு எஞ்சியிருப்பதோ அத்துணியால் மறைக்க இயலாத வறுமை. இம்முரண்பாட்டை அழகியல் விந்தையாக மட்டும் கொள்வது வரலாற்றை மறப்பதாகும்.

எனினும், பொருளாதாரம் ஒன்றே அனைத்தையும் விளக்கிவிடும் என்பதும் எமது கருத்தன்று. சீமா நோர்மா சொக்கலேற் ஆலைத் தொழிலாளரையும் திருமணங்களையும் மரணங்களையும் பதிவுசெய்த அவரே, வருவாய் கருதாது தம் பிள்ளைகளை வைத்துப் புதிய அமைப்புகளையும் முயன்றார். தொழிலிற் பெற்ற கைத்திறனே அச்சோதனைகளுக்கும் அடிப்படையாயிற்று.

அவர் இறந்தபின், கடனை ஈடுசெய்யப் படக்கருவிகள் ஏலத்தில் விற்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 தட்டுகள் எஞ்சிக் கிடந்து, 1980களில் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. கருவிக்கு விலையிருந்தது, அதனால் விளைந்த ஆக்கத்துக்கு அன்று விலையில்லை. இன்று அப்படங்களைக் கலையெனக் கொண்டாடுவோர் அந்தக் கடன்கணக்கையும் சேர்த்தே வாசித்தல் வேண்டும். அவ்வாறு வாசிப்பதால் கலைஞரின் பெருமை குன்றாது. உழைப்பாளி என்ற அவரது உண்மையான நிலையே தெளிவுறும்.