குளிரில் இறங்கும் வேர்கள்: ஓர் ஆய்வும் நம் மேய்ச்சல் நிலமும்

ஐப்பசி மழைக்குப் பின் திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் சென்றிருக்கிறீர்களா? கோடையில் வெடித்துக் கிடந்த மேய்ச்சல் புறம்போக்கு சில நாட்களிலேயே பச்சை கட்டிவிடும். அதில் எந்தப் புல்லின் நாற்று முந்துகிறது என்பதைப் பொறுத்தே மாசி, பங்குனியில் ஆடுமாடுகளுக்குத் தீனி அமையும்.

இந்தப் போட்டியில் வெப்பநிலைக்கு என்ன பங்கு? இதைப் பற்றிப் பேசுவோர் பலரும் எடுத்துக்காட்டும் ஆய்வு, ஹாரிஸ், வில்சன் என்ற இருவர் 1970-இல் 'எக்காலஜி' இதழில் வெளியிட்டது. அமெரிக்காவின் வடமேற்கு மேய்ச்சல் நிலங்களில், யூரேசியாவிலிருந்து வந்த 'சீட்கிராஸ்' என்னும் ஓராண்டுப் புல், அந்த மண்ணுக்கே உரிய பல்லாண்டுப் புல்லை விரட்டி வந்தது. ஆய்வாளர்கள் நாற்றின் வேரைக் கவனித்தார்கள். குளிரில் உள்நாட்டுப் புல்லின் வேர் தயங்கியது. அயல்புல்லின் வேரோ கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னர் மண் காயும்போது, முன்பே ஆழத்துக்குப் போன வேருக்குத்தான் ஈரம் கிடைத்தது.

கண்ணுக்குத் தெரியாத வேரில் காரணத்தைத் தேடியது இவ்வாய்வின் பெருஞ்சிறப்பு. ஆனால் இதையே முழுக்கதையாகக் கொள்வது தவறு. அந்தப் புல் பரவிய காலத்தில் அந்நிலங்களில் கால்நடைகள் அளவுமீறி மேய்ந்து, உள்நாட்டுப் புல் ஏற்கெனவே நலிந்திருந்தது. நாற்றுச் சோதனைக்குள் மாடு வருவதில்லை அல்லவா?

இரண்டாவது குறை ஆய்வினுடையதன்று. அதை எல்லா ஊருக்கும் பொதுவிதியாக்கும் நம் பழக்கத்தினுடையது. விழுப்புரத்தில் பனி உறைவதில்லை. இங்குள்ள அருகும் கொழுக்கட்டைப் புல்லும், கரும்பையும் சோளத்தையும் போல, 'சி-4' வகை ஒளிச்சேர்க்கை செய்பவை. 30 முதல் 35 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பத்தில் செழிப்பவை. 15-க்குக் கீழே சோர்ந்துவிடுபவை. இங்கு நாற்றுக்கு எமன் குளிரன்று, வெயில். சித்திரையில் ஒரு மழை பெய்து முளை கிளம்பினால், அடுத்த வாரமே மேல்மண் கொதித்து அதைக் கருக்கிவிடும். கொழுக்கட்டைப் புல்லின் புதுவிதை சில மாதங்கள் உறங்குவது இதற்கு நல்ல காப்பு. இதை அறியாமல், உதிர்ந்த விதையை உடனே தொட்டியில் தூவிவிட்டு இரண்டு வாரம் தண்ணீர் ஊற்றி ஏமாந்தவன் நான்!

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். இங்கே நம் சொந்தப் புல்லான இதே கொழுக்கட்டைப் புல், 'பஃபெல் கிராஸ்' என்ற பெயரில் அரிசோனாவிலும் ஆஸ்திரேலியாவிலும் அஞ்சத்தக்க ஆக்கிரமிப்புப் புல். அரிசோனாப் பாலைவனத்தில் நெருப்பைப் பரப்பி, ஆளுயரத்தைத் தாண்டி வளரும் சகுவாரோ கள்ளிகளையே எரிக்கிறது. அங்கு அதற்குப் பெரிய தடை எது தெரியுமா? குளிர்கால உறைபனி! சீட்கிராஸ் குளிரால் வென்றது; இது குளிருக்கு அஞ்சுகிறது. ஆகவே 'அயல்புல் என்றால் குளிரில் முந்தும்' என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன்.

புறம்போக்கில் எந்தப் புல்லை எப்போது விதைப்பது என்று முடிவுசெய்ய, நம் மண்ணின் வெப்பத்தை நாமே அளக்க வேண்டும். ஒரு வெப்பமானியும் நான்கு தொட்டிகளும் போதும். பழைய விதையைப் புரட்டாசிக் கடைசியில் இரண்டில் தூவுங்கள். மற்ற இரண்டில் மார்கழியில். ஒரே அளவு தண்ணீர் விடுங்கள். ஓர் அங்குல ஆழத்து வெப்பத்தைக் காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் குறித்து வாருங்கள். இருபதாம் நாள் நாற்றை மண்ணோடு நீரில் அலசி, இலையை விட்டுவிட்டு வேரை அளந்து பாருங்கள்.