படத்தில் இருப்பவர் யார்? ஜொகூரின் பழைய படங்களை வகுப்பில் வாசிப்பது குறித்து



முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு படிவம் நான்கு மாணவர்களுக்கு ‘நம் முன்னோர்’ என்ற தலைப்பில் கட்டுரைப் பயிற்சி கொடுத்தேன். இணையத்தில் தேடி ஒரு பழைய அஞ்சலட்டைப் படத்தை எடுத்துத் திரையில் காட்டினேன். பால்மரத்தின் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண். கையில் உளி, காலடியில் வாளி, பளிச்சென்ற வெயில். “இதப் பார்த்து எழுதுங்க” என்றேன். எல்லாக் கட்டுரைகளிலும் வியர்வை இருந்தது, தியாகம் இருந்தது, ‘மெழுகுவர்த்தி போல் உருகினர்’ இருந்தது. பெயரை மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

ஒரு மாணவி மட்டும் அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப்போய்த் தன் பாட்டியிடம் காட்டியிருக்கிறாள். பாட்டி ஆயர் ஈத்தாம் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் மரம் வெட்டியவர். மறுநாள் வந்து, “டீச்சர், பாட்டி படத்தப் பார்த்துச் சிரிக்கிறாங்க” என்றாள். வார இறுதியில் நானே நேரில் போய்க் கேட்டேன்.

“ஏம்மா, உச்சி வெயில்ல எவ மரம் வெட்டுவா? பால் வருமா? வெட்டுறவ கண்ணு பட்டையில இருக்கணும். இவ கண்ணு படம் புடிக்கிறவன் மேல இருக்கு. சேலையில ஒரு சொட்டுப் பால் கறை இல்ல பாரு.”

பாட்டி வேலைக்குப் போனது 1960களில். அந்தப் படமோ அதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேல் முந்தியது. ஆனாலும் மரத்தின் இயல்பு மாறவில்லை. விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அந்தக் காலத்துக் கேமராவுக்கோ நல்ல வெளிச்சம் வேண்டும். ஆகவே அது வேலை செய்யும் படம் அன்று. வேலை செய்வதுபோல் நிற்க வைத்து எடுத்த படம். இதைப் பட்டயம் படித்த நான் கவனிக்கவில்லை, பாட்டி கவனித்தார்.

அதன் பிறகு ஜொகூரின் பழைய படங்களை எல்லாம் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன். பார்த்ததில் எனக்குப் பட்டதை இங்கே வைக்கிறேன்.

1. பார்க்காதவர் செதுக்கிய படம்

1603இல் ஜொகூர் ஆற்றின் முகத்தில் டச்சுக்காரருக்கும் போர்த்துகீசியருக்கும் கடற்சண்டை நடந்தது. அதைக் காட்டும் செதுக்கோவியம் ஒன்று, ஜெர்மனியில் டி பிரை சகோதரர்கள் வெளியிட்ட பயண நூல் வரிசையில் இடம்பெற்றது. ஜொகூரைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய படங்களில் அது ஒன்று. ஆனால் டி பிரை சகோதரர்கள் ஆசியாவுக்கு வந்தவர்களே அல்லர். கப்பலில் போய்த் திரும்பியவர்களின் குறிப்புகளைக் கொண்டு செய்த வேலை அது. ஐரோப்பியர் ஜொகூரை எப்படிக் கற்பனை செய்துகொண்டனர் என்பதற்கு அது நல்ல சான்று. ஜொகூர் அப்படித்தான் இருந்தது என்பதற்கு அதை அப்படியே சான்றாக வைக்க முடியாது.

2. தானே எடுக்கச் சொன்ன படம்

அடுத்து சுல்தான் அபு பாக்காரின் உருவப்படங்கள். 1862இல் தெமெங்கோங், 1868இல் மகாராஜா, 1885இல் சுல்தான். 1866இலேயே இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியைச் சந்தித்தவர். படங்களில் ஐரோப்பிய அரசர்களைப்போல் சீருடையும் பதக்கங்களும் அணிந்து நிமிர்ந்து நிற்கிறார்.

‘ஆடம்பரம்’ என்று மாணவர்கள் ஒரே சொல்லில் கடந்துவிடுவார்கள். கொஞ்சம் நிறுத்துங்கள். பேராக், சிலாங்கூர் போன்ற மாநிலங்கள் 1874 முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளின் பிடிக்குள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஜொகூர் பொது ஆலோசகரை ஏற்றது 1914இல்தான். ‘நானும் உங்களைப் போன்ற அரசன், என் நாட்டை நானே ஆள்வேன்’ என்று லண்டனுக்குச் சொல்லும் கடிதமாக அந்தப் படத்தை வாசிக்கலாம். எந்த உடை, எந்தப் பதக்கம் என்று முடிவு செய்தவர் படத்தில் நிற்பவரே. பெயரும் பட்டமும் படத்தின் கீழே இருக்கின்றன.

3. நிற்க வைத்து எடுத்த படம்

இப்போது நம் ஆட்களிடம் வருவோம். ஆர்னால்ட் ரைட், கார்ட்ரைட் இருவரும் பதிப்பித்து 1908இல் லண்டனில் வெளிவந்த ‘ட்வென்டியத் சென்சுரி இம்ப்ரெஷன்ஸ் ஆஃப் பிரிட்டிஷ் மலாயா’ என்ற நூலை இணையத்தில் பார்க்கலாம். 900 பக்கங்களுக்கு மேல், பக்கத்துக்குப் பக்கம் புகைப்படங்கள். ஜொகூருக்கும் தனிப்பகுதி உண்டு. அக்கால மலாயாவைக் கண்ணால் காண இதைப்போல் இன்னொன்று கிடைப்பது அரிது. அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் நூலின் நோக்கத்தையும் பாருங்கள். வணிக நிறுவனங்களையும் தோட்டங்களையும் பெருமையாகக் காட்டி, இங்கே முதல் போடலாம் என்று சொல்லும் நூல் இது. துரையின் பங்களாவுக்குப் பெயர் இருக்கும், துரைக்குப் பெயர் இருக்கும். தொழிலாளர் வரிசையாக நிற்கும் படத்தில் இனத்தின் பெயர் மட்டும் வரும், ‘கூலி’ என்ற சொல்லோடு. சிங்கப்பூரில் ஜி. ஆர். லம்பெர்ட் போன்ற நிழற்படக் கூடங்கள் விற்ற படங்களிலும் இதே கதைதான். ஒரு மனிதர் ‘ஒரு வகை’யாகிவிடுவார். ‘கிளிங்’ என்ற இழிசொல்லைத் தலைப்பாகத் தாங்கிய அஞ்சலட்டைகளும் உண்டு. யாரோ வாங்கி, முத்திரை ஒட்டி, ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். படத்தில் நின்றவர் அதைப் பார்த்திருப்பாரா?

அதற்காக இந்தப் படங்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. எடுத்தவர் கவனிக்காமல் விட்டவையும் படத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். பாதத்தைப் பாருங்கள், செருப்பு இருக்கிறதா? இடுப்பில் குழந்தை இருக்கிறதா? கங்காணி எங்கே நிற்கிறார், அவருக்கும் மற்றவருக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? பின்னால் தெரியும் லயத்தில் ஜன்னல் உண்டா? நூல் சொல்ல நினைக்காத வரலாறு இந்த ஓரங்களில்தான் இருக்கிறது.

4. படமே இல்லாத இடம்

1942–43இல் சயாம்–பர்மா இரயில் பாதை, ஏறக்குறைய 415 கிலோமீட்டர். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியர் அங்கே கொண்டுபோனார்கள். அந்த முகாம்களைப் பற்றி உலகம் அறிந்த ஓவியங்கள் ரொனால்ட் சியர்ல், ஜாக் சால்கர் போன்ற பிரிட்டிஷ் போர்க்கைதிகள் ஒளித்துவைத்து வரைந்தவை. உயிரைப் பணயம் வைத்து வரைந்தார்கள், அதில் ஐயமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இறந்த போர்க்கைதிகள் 12,000க்கு மேல். இறந்த ஆசியத் தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. பென்சில் வைத்திருந்தவர்களின் துயரம் படமாக நிற்கிறது. மற்றவர்களுடையது ‘சயாமுக்குப் போனவரு திரும்பல’ என்ற ஒரே வரியாக வீடுகளில் நிற்கிறது. படம் இல்லாததாலேயே அது நடக்கவில்லை என்றாகிவிடாது. இதை மாணவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

5. பெயரோடு வந்த முதல் படம்

அன்று பாட்டி விடைகொடுக்கும் முன் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே அவருடைய அம்மாவின் பழைய அடையாள அட்டை. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பின் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் வந்ததே, அந்த அட்டை. சிரிக்காத முகம், கட்டைவிரல் ரேகை, எழுத்தர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய பெயர்.

“எங்கம்மாவுக்கு இருக்கிற ஒரே படம் இதுதாம்மா” என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. அஞ்சலட்டையில் அழகாக நின்ற பெண்ணுக்குப் பெயர் இல்லை. கண்காணிப்புக்காக அரசாங்கம் எடுத்த படத்தில் இந்தத் தாய்க்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இரண்டையும் எடுத்தது நாமல்ல. அந்த அட்டையைப் பத்திரமாக வைத்தது மட்டும் நாம்.

வகுப்பறைக்கு

இப்போது எந்தப் பழைய படத்தைக் காட்டினாலும் ஐந்து கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்:

1. இதை எடுத்தவர் அல்லது வரைந்தவர் யார்? அவர் அங்கே இருந்தாரா?
2. யாருக்காக எடுத்தார்? பணம் கொடுத்தவர் யார்?
3. யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு இல்லை?
4. ஓரத்திலும் பின்னாலும் என்ன தெரிகிறது?
5. இந்தப் படத்தில் இல்லாதவர் யார்?

தேர்வு மாணவர்களுக்கு ஒரு சொல். ‘நம் முன்னோர் வியர்வை சிந்தி உழைத்தனர்’ என்று எழுதுவதில் இலக்கணப் பிழை இல்லை, ஆனால் அதில் யாரும் தெரியவில்லை. அந்த மாணவி இரண்டாம் முறை எழுதியதைப் பாருங்கள்: ‘படத்தில் இருக்கும் பெண் வெயிலில் நிற்கிறாள். ஆனால் என் பாட்டி இருட்டில் வேலைக்குப் போனார். தன் நிரையை வெட்டி முடிக்கும்போதுதான் வெளிச்சம் வரும். அதனால் பாட்டி வேலை செய்ததை யாரும் படம் எடுத்ததில்லை.’ அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. நான் அதை வகுப்பில் இரண்டு முறை வாசித்தேன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் பள்ளி விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றை எடுத்து, அதில் இருப்பவர்களின் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, படத்தோடு சேர்த்து வைக்கட்டும். செம்பனை வந்து பால்மரம் போய்விட்டது, பல லயங்கள் இடிந்துவிட்டன. பெயர் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.