பழுதாகாத எல்60

ஆறு சிலிண்டர், பன்னிரண்டு பிஸ்டன். சீஃப்டன் டாங்கிக்காக பிரிட்டனின் லேலண்ட் செய்த எல்60 எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக நெருங்கி விலகும். லைனர் கோளாறு, கசிவு என்று அது படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1965 முதல் ஆவடியில் உருவான விஜயந்தாவுக்குள்ளும் இதே எஞ்சின்தான், 535 குதிரைத்திறனில். 1980 முதல் அசோக் லேலண்ட் ஆலை இயங்கும் ஓசூரில், ஷிப்ட் முடிந்து வந்து ‘வார் தண்டர்’ ஆடும் இளைஞனுக்கு எஞ்சின் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கவசத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வைத்திருக்கும் விளையாட்டில் சீஃப்டன் ஏன் தானாக நடுவழியில் நிற்பதே இல்லை என்று அவன் கேட்பான்.

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் மற்றவற்றில் இந்த விளையாட்டின் நுணுக்கம் அபாரம். டாங்கிக்கு உயிர்ப்புள்ளி கிடையாது. குண்டு எந்தக் கோணத்தில் பட்டது, சாய்ந்த தகட்டை எவ்வளவு தூரம் துளைக்க வேண்டியிருந்தது, உள்ளே தெறித்த சில்லு ஓட்டுநர் மேல் பட்டதா, வெடிமருந்து மேலா என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. சுட்டதும் எதிரி டாங்கியை ஊடுருவிக் காட்டும் அந்தச் சிறு காட்சிக்காகவே இன்னொரு குண்டு சுடலாம். விஜயந்தாவின் மூலவடிவமான விக்கர்ஸ் எம்பிடியை எடுத்துக்கொள்ளுங்கள். பீரங்கி 105 மி.மீ.; முன்கவசமோ மெலிது. மேட்டுக்குப் பின்னால் மறைந்து முதல் குண்டைப் போடத் தெரியாதவன் அதில் பிழைக்க மாட்டான். அந்தப் பலவீனத்தை யாரும் பூசி மெழுகவில்லை.

உண்மைப் போரில் ஏது நியாயம்? ஜெர்மனி செய்த டைகர் சுமார் 1,350. அமெரிக்கா செய்த ஷெர்மன் ஏறக்குறைய 50,000. பக்கத்துக்குப் பதினாறு பேர் ஆடும் களத்தில் அந்த விகிதத்தைக் கொண்டுவர முடியாது. அதனால் ஆட்டக்காரர்களின் வெற்றி தோல்வியைப் பார்த்து ஒவ்வொரு டாங்கிக்கும் ‘பிஆர்’ எண் தருகிறார்கள்; எண் நெருங்கியவைதான் மோதும். டாங்கியைத் திருத்துவதைவிட ஜோடியைத் திருத்துவது மேல் என்பது என் கட்சி. வெவ்வேறு காலத்து வண்டிகள் ஒரே களத்தில் நிற்பது வரலாற்றுப் பிரியர்களை உறுத்தும். உறுத்தட்டும். மூன்று புலிக்குப் பதினைந்து ஆடு என்று வைத்த நம் ஆடுபுலி ஆட்டத்தில் புலியின் பாய்ச்சலை யாரும் குறைக்கவில்லையே.

‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ போன வழி வேறு. அங்கே குண்டின் சேதம் 25 சதவீதம் கூடலாம், குறையலாம். நிதானமாகக் குறிவைத்தவனுக்குப் பகடை பதில் சொல்வது எனக்கு உவப்பில்லை. எஞ்சின் தானாக நிற்பதும் அதே பகடைதான். உண்மையாக இருந்தாலும், ஆடுபவன் கையில் இல்லாத தோல்வி அது.

கையில் இருக்கும் பழுது வேறு. இதே விளையாட்டில் விமானத்தை முழு விசையில் நெடுநேரம் விரட்டினால் எஞ்சின் சூடேறிக் கெடும். எல்60-க்கும் அதைக் கொடுக்கலாம்: மேட்டில் விடாமல் விரட்டுபவனுக்குப் புகையட்டும், பார்த்து ஓட்டுபவனைக் கரைசேர்க்கட்டும்.