மடியில் கனம் எவ்வளவு?

ஜேப்படித் திருடனுக்குத் தமிழில் ஒரு பழைய பெயர் உண்டு: முடிச்சவிழ்க்கி. காசை முந்தானை நுனியிலும் வேட்டி மடிப்பிலும் முடிந்துகொண்டு சந்தைக்குப் போன காலத்துச் சொல் அது. முடிச்சு போய்ப் பர்ஸ் வந்தது, பர்ஸோடு செல்போன் சேர்ந்தது. தொழிலின் சூட்சுமம் மட்டும் மாறவில்லை. நம் கவனத்தை ஓரிடத்துக்கு இழுத்துவிட்டு, கையை இன்னோரிடத்துக்கு அனுப்புவதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் அந்த வித்தை.

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா கிளம்பும் குடும்பத்தின் காதில் விழும் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. இடுப்பில் ரகசியப் பை கட்டு, கார்டைக் காக்கும் தனிப் பர்ஸ் வாங்கு, ஆபத்தான இடங்களுக்குப் போகாதே, யாரையும் நம்பாதே, எந்நேரமும் விழிப்பாக இரு. எல்லாம் ஒரே அழுத்தத்தோடு சொல்லப்படுகின்றன. இவற்றில் எது உண்மையிலேயே காப்பாற்றும், எது மனசுக்கு மட்டும் தைரியம் தரும் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. பிரிப்பதற்கு மூன்று அளவுகோல்கள் போதும். திருட்டு நடக்கும் விதத்தை அந்த அறிவுரை தடுக்கிறதா? பத்து நாள் பயணம் முழுக்கச் சாதாரண மனிதரால் அதைக் கடைப்பிடிக்க முடியுமா? அது தோற்றுப்போனால் நம்மிடம் மிஞ்சுவது என்ன?

அதற்கு முன் குற்றங்களையே பிரித்தாக வேண்டும். தெரியாமல் எடுப்பது ஜேப்படி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு ஓடுவது பறிப்பு. ஆயுதத்தைக் காட்டிக் கேட்பது வழிப்பறி. பார்சிலோனாவிலும் பாரிஸிலும் சுற்றுலாப் பயணியின் முதல் கவலை ஜேப்படி. லண்டனில் செல்போன் பறிப்பு. ரியோ டி ஜெனிரோ, ஜோகன்னஸ்பர்க் போன்ற நகரங்களில் வழிப்பறியையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. கத்தியைக் காட்டினால் கேட்டதைக் கொடுத்துவிட்டு விலகுவதைத் தவிர வேறு ஆலோசனை இல்லை, எந்தப் பொருளும் உயிரைவிடப் பெரிதல்ல. அங்கே விவாதத்துக்கு இடமில்லை. விவாதம் தேவைப்படுவது முதல் இரண்டில்.

பார்சிலோனாவை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டுச் சட்டம், வன்முறையில்லாத திருட்டையும் வன்முறையோடு கூடிய கொள்ளையையும் தனித்தனியாக வைக்கிறது. வன்முறையில்லாமல் 400 யூரோவுக்கு உட்பட்டதைத் திருடினால் அது சிறு குற்றம், பெரும்பாலும் அபராதத்தோடு முடிந்துவிடும். மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவர்களுக்குச் சிறைத்தண்டனை கிடைக்கும்படி 2022இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்தச் சட்டச் சூழலில் திருடருக்கு வன்முறையால் ஆதாயமில்லை. சிறு தொகை, பல தடவை, கைபடாத லாகவம் என்பதே தொழிலின் கணக்கு. ஆகவே நாம் எதிர்கொள்வது பலத்தை அல்ல, கைத்திறனை.

இந்த வெளிச்சத்தில் முதல் அறிவுரையைப் பார்க்கலாம்: ஆபத்தான இடங்களுக்குப் போகாதே. பார்சிலோனாவில் பர்ஸ் அதிகம் காணாமல் போகும் இடங்கள் எவை? லா ராம்ப்லா கடைவீதி, சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தின் சுற்றுப்புறம், பார்சிலோனெட்டா கடற்கரை, சான்ட்ஸ் ரயில் நிலையம், மெட்ரோ. நாம் காசு செலவழித்துப் பார்க்கப் போவதே இவற்றைத்தான். திருடர் இருட்டுச் சந்தில் காத்திருப்பதில்லை, கூட்டம் இருக்கும் வெளிச்சத்தில் இருக்கிறார். வழிப்பறி நடக்கும் ஊருக்கு உயிர்காக்கும் இந்த அறிவுரை, ஜேப்படி நடக்கும் ஊரில் முதல் அளவுகோலிலேயே தோற்றுவிடுகிறது.

இரண்டாவது, கார்டைக் காக்கும் பர்ஸ். கூட்டத்தில் யாரோ ஒரு கருவியை நம் பையருகே கொண்டுவந்து கார்டு விவரத்தைக் காற்றிலேயே உறிஞ்சிவிடுவார் என்ற பயத்தில் இது விற்கிறது. ஆனால் தட்டிப் பணம் கட்டும் கார்டின் சிப், ஒவ்வொரு முறையும் ஒரு தடவை மட்டுமே செல்லும் புதிய குறியீட்டை உருவாக்குகிறது. அதை ஒருவர் பிடித்துவைத்தாலும் மறுமுறை உதவாது. கார்டின் பின்னாலுள்ள மூன்று இலக்க எண் அந்த வழியில் போவதே இல்லை. திருடருக்கு இத்தனை சிரமம் எதற்கு? பர்ஸையே எடுப்பது எளிது, அந்தக் காப்புப் பர்ஸ் உட்பட. இதற்குச் செலவழிக்கும் காசு வீண்.

மூன்றாவது, உடைக்குள் கட்டும் இடுப்புப் பை. இது தகுதியுள்ள யோசனை. துணிக்கு அடியில் இருப்பதை லாகவமான விரலும் தொடுவது கடினம். ஆனால் பயன்படுத்தும் முறையில் பலர் அதைக் கெடுத்துவிடுகிறார்கள். டிக்கெட் கவுன்டரில் சட்டையைத் தூக்கி நோட்டை உருவினால் பெட்டகம் எங்கே இருக்கிறது என்பதை ஊருக்கே காட்டியாயிற்று. அது பெட்டகம், சில்லறைப் பை அல்ல. காலையில் அறையில் பூட்டினால் இரவில் அறையில்தான் திறக்க வேண்டும். ரயிலில் முதுகுப் பையை முன்னால் மாட்டிக்கொள்வதும், பின்பாக்கெட்டைக் காலியாக வைப்பதும் இதே வகை. எளியவை, பழக்கமாகிவிட்டால் யோசனையே தேவைப்படாதவை. நம் பெண்கள் தாலிச் சங்கிலியை உடைக்குள் விட்டுக்கொள்வதும் இதில் சேரும். மற்ற நகைகள் வீட்டில் இருக்கட்டும்.

நான்காவது அறிவுரையில்தான் எனக்கு ஆழ்ந்த மனத்தாங்கல்: யாரையும் நம்பாதே, குறிப்பாக ‘இன்னின்ன மாதிரி’ ஆட்களை. ஐரோப்பாவில் இது பெரும்பாலும் ரோமா மக்களையும் கறுப்பினத்தவரையும் சுட்டும் பேச்சாகவே முடிகிறது. நியாயம் ஒருபுறமிருக்க, வேலைக்கே இது உதவாது. தேர்ந்த ஜேப்படிக்காரர் சுற்றுலாப் பயணியைப் போலவே தொப்பியும் வரைபடமுமாக நிற்பார். முகத்தைக் கண்காணிக்கிறவர் தவறான ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பார், சரியான ஆள் பக்கத்தில் நிற்பார். மாநிறத்தோலோடு அந்த ஊர்க் கடைகளில் நுழையும்போது நம்மைப் பின்தொடரும் சந்தேகப் பார்வையின் கசப்பை அறிந்தவர்கள் நாம். அதையே இன்னொருவர்மேல் திருப்பக் கூடாது. கவனிக்க வேண்டியது செயலை. இடம் தாராளமாக இருக்கும்போது ஒட்டி நிற்பது, மெட்ரோ கதவு மூடும் கணத்தில் முண்டியடிப்பது, நகரும் படிக்கட்டின் முடிவில் திடீரென்று நிற்பது, பாரிஸின் மோன்மார்த்ர் குன்றில் கையில் கயிறு கட்ட வருவது, மனு அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது. கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் போவது நமக்கு மரியாதைக் குறைவாகப் படும். அந்த மரியாதையில்தான் அவர்கள் கை வைக்கிறார்கள். நிற்காமல் நடந்துகொண்டே இருப்பது முரட்டுத்தனம் ஆகாது.

இனி எல்லா அறிவுரைகளுக்கும் தலைவராக வைக்கப்படுவது: விழிப்பாக இரு. இதை மறுக்க மனம் வராது, எடைபோட்டே ஆக வேண்டும். அமெரிக்காவில் அப்போலோ ராபின்ஸ் என்றொரு மேடைக் கலைஞர் இருக்கிறார். பார்வையாளர்களிடம் பொருளை எடுத்துத் திருப்பித் தருவதே அவருடைய நிகழ்ச்சி. 2001இல் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பாதுகாப்புக்கு வந்திருந்த ரகசியச் சேவை அதிகாரிகளிடமிருந்தே பொருள்களை எடுத்துக் காட்டினார். விழிப்பாக இருப்பதையே சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் அவர்கள். பின்னர் நரம்பியல் ஆய்வாளர்கள் அவரோடு சேர்ந்து, நேர்கோட்டில் நகரும் கையைவிட வளைகோட்டில் நகரும் கை பார்ப்பவரின் கண்ணை வேறு விதமாக இழுத்துச் செல்கிறது என்று பதிவு செய்தார்கள். கவனம் ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. அதன் அமைப்பே அப்படி. குழந்தைக்குப் பசி, காலில் வலி, அடுத்த ரயில் எந்த மேடையில் என்ற குழப்பம் எல்லாம் சேர்ந்த மாலை ஆறு மணிக்கு எந்தத் தாயாலும் தகப்பனாலும் விழிப்பை முழுசாகக் காக்க முடியாது. விழிப்பு உதவும், சில கணங்களுக்கு. மெட்ரோவில் ஏறி இறங்கும்போது, பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன், ஓட்டல் வரவேற்பில் பெட்டிகளோடு நிற்கும்போது. பத்து நாளும் அதையே கோட்டையாக நம்பினால் இரண்டாம் அளவுகோலில் அது விழுந்துவிடுகிறது.

மூன்றாம் அளவுகோலிலோ இன்னும் மோசம். விழிப்பு தோற்றால் மிஞ்சுவது எதுவுமில்லை. நம் குடும்பங்களின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு பேர் பாஸ்போர்ட், இரண்டு கார்டு, யூரோ நோட்டுக்கட்டு, ஓட்டல் சாவி எல்லாம் அம்மாவின் ஒரே கைப்பையில். ‘ஒரே இடத்தில் இருந்தால் பத்திரம்’ என்ற எண்ணம். அந்தப் பை போனால் பயணமே போயிற்று. இந்தியத் தூதரகம் அவசரச் சான்றிதழ் தரும், ஆனால் அது இந்தியாவுக்குத் திரும்ப மட்டும் செல்லும் ஒருவழிப் பத்திரம். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த ஷெங்கன் விசாவும் அதோடு போய்விடும். போனது பை இல்லை, செல்போன் என்றாலும் கதை அதுவே. வங்கியைக் கூப்பிடும் எண் அதில், வங்கி அனுப்பும் ஓடிபி வந்து விழும் சிம் அதில், ஓட்டல் முகவரியும் விமானச் சீட்டும் அதில்.

லண்டன் இதற்கு வலுவான சான்று. மின்சார சைக்கிளில் வந்து, நடைபாதையில் நிற்பவர் கையிலிருந்து செல்போனை, பெரும்பாலும் திறந்த நிலையிலேயே, பறித்துக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். 2024 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஒருவர் தன் போனின் இருப்பிடத்தைத் தேடிக்கொண்டே போக, அது ஹீத்ரோ அருகே ஒரு கிடங்கில் கிடைத்தது. ஹாங்காங் போகவிருந்த ஒரே பெட்டியில் கூடவே ஏறத்தாழ 900 போன்கள். அந்த நூலைப் பிடித்துப் போன லண்டன் போலீஸ், ஓராண்டில் 40,000 போன்கள் வரை சீனாவுக்குக் கடத்தியதாகச் சந்தேகிக்கப்படும் கும்பலைப் பிடித்ததாக 2025 அக்டோபரில் அறிவித்தது. இந்த அளவில் நடக்கும் தொழிலை ஒரு பயணியின் விழிப்பு எப்படி நிறுத்தும்? அங்கே மெய்யாக உதவுவது முன்கூட்டியே செய்த ஏற்பாடு. ஐபோனில் 2024 ஜனவரியில் வந்த திருட்டுப் பாதுகாப்பு, பழக்கமில்லாத இடத்தில் முக்கிய அமைப்புகளை மாற்ற முக அடையாளத்தோடு ஒரு மணி நேரக் காத்திருப்பையும் கேட்கிறது. அதே ஆண்டில் ஆண்ட்ராய்டுக்கு வந்த வசதி, போனைக் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கும் அசைவை உணர்ந்து திரையைப் பூட்டுகிறது. இவற்றோடு சிம் கார்டுக்கும் தனிப் பின் எண் வைத்துவிட்டால், அந்த சிம்மை வேறு போனில் மாட்டி ஓடிபி வாங்கும் வழியும் அடைபடும். திருட்டு நடக்கும். ஆனால் போவது போன் மட்டும், வங்கிக் கணக்கு தப்பும்.

இழப்பை முன்கூட்டியே சிறிதாக்குவது என்ற இந்த அணுகுமுறைதான் மூன்று அளவுகோல்களிலும் நிற்கிறது. பாஸ்போர்ட்டுகள் ஒரே பையில் இல்லாமல் ஆளுக்கொன்றாகப் பிரியட்டும். ஊர் சுற்றும் நாளில் அசல் ஓட்டல் பெட்டகத்திலும் வண்ண நகல் கையிலும், ஊர் விட்டு ஊர் மாறும் நாளில் அசல் இடுப்புப் பையிலும் இருக்கட்டும். ஸ்பெயினில் போலீஸ் கேட்டால் அடையாளத்தை நிரூபிக்கும் கடமை வெளிநாட்டவருக்கும் உண்டு என்பது உண்மைதான். நகலோடு ஓட்டல் வரை கூட்டிப்போக நேரலாம். அந்தச் சிரமம் அசலைத் தொலைப்பதைவிடச் சிறியது. கையில் ஒரு நாள் செலவுக்கான பணமும் ஒரு கார்டும் போதும், இரண்டாவது கார்டு அறையில். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறக்கலாம், மூடலாம், உச்சவரம்பு வைக்கலாம். வங்கி எண்ணும் பாஸ்போர்ட் நகலும் ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ காப்பீடு மருத்துவத்துக்கானது, அது மட்டும் போதுமென்று இருந்துவிட வேண்டாம். திருட்டுக்கு என்ன உண்டு என்று தனியாகப் படிக்க வேண்டும்.

இது தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வது ஆகாதா என்று கேட்கலாம். சுமையெல்லாம் பயணியின் தலையில்தானா, அரசுக்குப் பொறுப்பில்லையா என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி நியாயமானது. 2013 ஏப்ரல் 10 அன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் திறக்கவில்லை. ஜேப்படிக் கும்பல்களின் மிரட்டல் பொறுக்காமல் ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். 2015 மே மாதம் ஈஃபல் கோபுரத்திலும் அதுவே நடந்தது. பார்வையாளர்கள் அசட்டையாக இருந்தார்கள் என்று அவர்கள் குறை சொல்லவில்லை, காவல் வேண்டும் என்று கேட்டார்கள், பெற்றார்கள். அந்த ஊரில் வாக்கு இல்லாத பயணி செய்யக்கூடிய ஒன்று புகார் கொடுப்பது. நாளை விமானம், மொழி தெரியாது என்று விட்டுவிட்டால் அந்தத் திருட்டு எந்தக் கணக்கிலும் ஏறாது, தூதரகமும் காப்பீட்டு நிறுவனமும் புகார் நகலைக் கேட்கும்போது நாமும் வெறுங்கையோடு நிற்போம். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அவசர எண் 112.

முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். விழிப்பை மட்டும் நம்பச் சொல்வது, பறிகொடுத்தவரையே குற்றவாளி ஆக்குகிறது. ‘உன்னை யாரு பையைத் தோள்ல மாட்டச் சொன்னது?’ என்று நடுத்தெருவில் கணவர் கேட்க, மனைவி மிச்ச நாட்களை வாய் திறக்காமல் கழிக்கும் பயணங்கள் உண்டு. திருடர் கொண்டுபோனது பையை, அந்த வீட்டுக்குள் நடப்பது அதைவிடப் பெரிய இழப்பு. ஏற்பாட்டோடு போனவர்களுக்கு அந்தச் சண்டைக்குக் காரணமே இராது.

ஆகவே தீர்ப்பு: இழப்பைச் சிறிதாக்கும் ஏற்பாட்டுக்கு முதலிடம். உடைக்குள் பையும் முன்னால் மாட்டிய முதுகுப் பையுமான எளிய தடைகளுக்கு இரண்டாமிடம். தேர்ந்த சில கணங்களுக்கான விழிப்புக்கு மூன்றாமிடம். காப்புப் பர்ஸும் முகம் பார்த்துச் சந்தேகிப்பதும் ஒதுக்கத் தக்கவை. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்ற பழமொழியை மனச்சாட்சிக்குச் சொல்லிப் பழகிவிட்டோம். சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டால் அது பயணிக்கான சட்டம். கிளம்பும் முந்தின இரவு கட்டிலில் எல்லாப் பைகளையும் பரப்பி வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டுக் கேளுங்கள்: இது போனால் நாளைக் காலை என்ன செய்வேன்? ஒவ்வொரு பைக்கும் பதில் இருந்தால், நிம்மதியாகத் தூங்கிவிட்டு விமானம் ஏறலாம்.