ஓர் ஆட்டத்துக்கு ஒரு பருவம்

தைப் பொங்கலில் தொடங்கிக் கோடைத் திருவிழாக்கள் வரை நீளும் மின்னொளிக் கபடிப் பருவத்துக்கு, ஓர் ஆட்டக்காரர் தொடக்கத்திலேயே குழுவுக்கு வாக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும், இடையில் வராமல் நிற்பவர் ஊரைக் கைவிட்டவர் என்றும் ஒரு வாதம் தருமபுரி வட்டாரத்தில் நிலவுகிறது. 2014இல் புரோ கபடி லீக் தொடங்கி, 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் அதில் இடம்பெற்றபின், தொழில்முறை ஆட்டக்காரரின் ஒழுங்கை ஊர்க்குழுவிடமும் எதிர்பார்க்கும் மனநிலை இவ்வாதத்துக்கு வலுச் சேர்த்திருக்கிறது. ஆட்டக்காரரின் கடமையை நுணுக்கமாக அளக்கும் இவ்வாதம், அக்கடமைக்கு ஈடாக அப்பருவம் அவருக்கு எத்தனை ஆட்டங்களைத் தருகிறது என்பதை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

ஊர்ப் போட்டிகளின் நன்மைகள் மறுக்கத்தக்கவை அல்ல. அரசின் ஆடுகளங்கள் எட்டாத ஊர்களிலும் கபடி உயிரோடு இருப்பதற்கு இவையே காரணம். பள்ளியோடு விளையாட்டை விட்டுவிட நேர்ந்தவரைத் திரும்பவும் களத்துக்கு அழைப்பவையும் இவையே. முதலமைச்சர் கோப்பையின் பொதுப்பிரிவு 35 வயதோடு நின்றுவிட, ஊர்க்களம் வயதைக் கேட்பதில்லை. உள்ளூர்க் கொடையாளர் தரும் பரிசுத்தொகையும் சுழற்கோப்பையும் ஊருக்கு ஒரு பெருமிதத்தைத் தருகின்றன என்பதும் உண்மையே. பருவம் முழுவதும் ஒன்றாக ஆடும் எழுவருக்கிடையே, பாடிவரும் எதிரணி ரெய்டரைச் சங்கிலியாகக் கைகோத்து மடக்கும் இசைவு கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம்.

ஆயினும், அந்த வாக்கைக் கொடுப்பவர் யார் என்பதைக் கருத வேண்டும். அமெச்சூர் என்ற சொல் கூலிக்காக அன்றி விருப்பத்துக்காக ஆடுபவரைக் குறிக்கும். தருமபுரியின் அமெச்சூர் ஆட்டக்காரர் பெரும்பாலும் மானாவாரி நிலத்தை நம்பியவராகவோ, ஓசூர்த் தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவராகவோ, 130 கிலோமீட்டர் அளவு தொலைவிலுள்ள பெங்களூரில் கட்டட வேலைக்குச் சென்று விடுமுறைக்கு வருபவராகவோ இருக்கிறார். ஒரு போட்டிக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலியையும், பேருந்துக் கட்டணத்தையும், ஓர் இரவின் உறக்கத்தையும் அவர் இழக்க வேண்டியிருக்கும். முழங்கால் பிசகினால் அடுத்த வாரங்களின் கூலியும் அதோடு போகும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 விழுக்காட்டு ஒதுக்கீடு அங்கீகாரம் பெற்ற போட்டிகளைச் சார்ந்தது என்பதால், திருவிழாப் போட்டியின் சான்றிதழ் அவருக்கு அந்தக் கதவையும் திறப்பதில்லை. எனவே, அவருக்குக் கிடைக்கக்கூடிய ஊதியம் ஒன்றே ஒன்றுதான்: களத்தில் நின்று ஆடும் நேரம்.

அந்த ஊதியத்தைத்தான் நடப்பிலுள்ள போட்டிமுறை பறித்துவிடுகிறது. ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில், அதாவது ஒருமுறை தோற்ற குழு உடனே வெளியேறும் முறையில், நடத்தப்படுகின்றன. 32 குழுக்கள் வந்தால் மொத்தம் 31 ஆட்டங்கள் நடக்கும். அவற்றுள் 16 குழுக்கள் ஒரே ஆட்டத்தோடும், மேலும் 8 குழுக்கள் இரண்டு ஆட்டங்களோடும் ஊர் திரும்பும். குழுக்களின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும், ஒரு குழுவுக்கான சராசரி ஆட்டங்கள் இரண்டைத் தொடவே தொடா என்பது இம்முறையின் மாறாத கணக்கு. பருவத்தில் பத்துப் போட்டிகளுக்குச் சென்று ஒவ்வொன்றிலும் முதல் ஆட்டத்திலேயே தோற்கும் குழு, பத்து இரவுகளைச் செலவிட்டு, முழு நேரக் கணக்கில்கூட 400 நிமிடங்களே ஆடியிருக்கும். அதையும் களத்தில் நிற்கும் எழுவரும் வெளியே காத்திருக்கும் மாற்று ஆட்டக்காரர்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். பிடிபட்டு வெளியே அமர்ந்திருக்கும் நேரத்தையும் அதிலிருந்தே கழிக்க வேண்டும். மாவட்டத்தின் மேற்கிலுள்ள பென்னாகரத்திலிருந்து கிழக்கிலுள்ள அரூர் வரை சென்று, நள்ளிரவு வரை தங்கள் பெயர் அழைக்கப்படக் காத்திருக்கும் குழுவுக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த ஓர் ஆட்டமும் முழுதாகக் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. விதிப்படி ஆடவர் கபடி இரு பாதிகளாக 40 நிமிடம் நடக்க வேண்டும். 31 ஆட்டங்களை ஒரே களத்தில் அவ்வாறு நடத்த இடைவேளைகள் நீங்கலாகவே 20 மணி நேரத்துக்கு மேல் தேவைப்படும் என்பதால், பொழுது விடிவதற்குள் முடிக்க விரும்பும் விழாக்குழு ஆட்ட நேரத்தைத்தான் வெட்டும். மேலும், முதல் தோல்வியே முடிவு என்னும் அச்சம், வலுவான வெளியூர் ஆட்டக்காரரைப் பணம் கொடுத்து அழைத்துவரக் குழுக்களைத் தூண்டுகிறது. அவ்வாறு ஒருவர் வந்து இறங்கினால், பருவம் முழுவதற்கும் வாக்குக் கொடுத்த உள்ளூர் இளைஞர் வெளியே அமர்த்தப்படுகிறார். அவருடைய வாக்கு அவரை மட்டுமே கட்டும். குழுவை அது கட்டுவதில்லை. ஆட்டம் மிகுதியாகத் தேவைப்படும் பயிற்சி குறைந்த குழுவுக்கு மிகக் குறைவாகவும், ஏற்கெனவே தேர்ந்த குழுவுக்கு மிகுதியாகவும் ஆட்டத்தை வழங்கும் ஒரு முறையை விளையாட்டு வளர்ச்சி என்று அழைப்பது சொல்லின் பொருளையே திரிப்பதாகும்.

தொழில்முறை ஒழுங்கைப் போற்றும் தரப்பு, தான் போற்றுவதைக் கூர்ந்து பார்க்கவில்லை என்பதே இதில் வியப்பானது. புரோ கபடியின் முதல் பருவத்தில் 8 அணிகள் பங்கேற்றன. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் இருமுறை மோதியதால், பட்டியலில் கடைசியில் நின்ற அணிக்கும் 14 ஆட்டங்கள் கிடைத்தன. குளிர்நாடுகளில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் அமெச்சூர் பனி ஹாக்கிப் பருவத்தில் சேர்வதா என்று இலையுதிர்காலத்தில் முடிவெடுக்கும்போதும், பனித்தளத்தின் வாடகைப் பங்கைச் செலுத்துமுன் ஆட்ட அட்டவணையைப் பார்த்துவிட முடிகிறது. தோல்வி அவர்களைப் பட்டியலில் கீழே இறக்குமே ஒழிய, வீட்டுக்கு அனுப்பிவிடாது. ஊர்ப் போட்டிகளோ லீக்கிடமிருந்து வண்ணச் சீருடையையும், ஒளிவெள்ளத்தையும், ஒலிபெருக்கி வர்ணனையையும் எடுத்துக்கொண்டு, லீக் என்ற சொல்லுக்குப் பொருள் தரும் அட்டவணையை மட்டும் விட்டுவிட்டன.

பணமும் நேரமும் இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் மறுமொழி. திருவிழா ஓர் இரவுதான்; அந்த இரவில் எல்லாக் குழுக்களையும் மும்முறை ஆடவைக்க இயலாது என்பது சரியே. ஆனால் எல்லாவற்றையும் ஒரே ஊர் ஒரே இரவில் நடத்த வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. அதே 32 குழுக்களை நான்கு நான்காகப் பிரித்து எட்டு ஊர்களில் ஆடவிட்டால், ஓர் ஊரில் நடக்க வேண்டியவை 6 ஆட்டங்களே. மாலை 6 மணிக்குத் தொடங்கினால், முழு 40 நிமிடமும் ஆடியபின்னும் இரவு 11 மணிக்குள் அவை முடிந்துவிடும். எட்டு ஊர்களிலும் முதலிடம் பெற்ற குழுக்களுக்கு மட்டும் இறுதி நாளில் 7 ஆட்டங்கள் போதும். மொத்த ஆட்டங்கள் 31இலிருந்து 55 ஆக உயரும். ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது மூன்று ஆட்டங்கள் உறுதியாகும். இதற்குத் தேவைப்படுவது கூடுதல் பரிசுத்தொகை அன்று. கோப்பை தன் ஊர்க் களத்திலேயே வழங்கப்பட வேண்டும் என்ற பிடிவாதத்தை ஏழு ஊர்கள் தளர்த்த வேண்டும் என்பதே தடை. அதை வறுமை என்று பெயரிட்டு மறைக்க வேண்டியதில்லை.

அதுவரை, பருவம் முழுவதற்கும் வாக்குக் கொடுக்க மறுத்து, தன் ஊருக்கு அருகில் நடக்கும் இரண்டு மூன்று போட்டிகளை மட்டும் தேர்ந்துகொள்ளும் ஆட்டக்காரரைத் தன்னலக்காரர் என்று பழிப்பதில் நேர்மையில்லை. வாக்குக் கேட்டு வரும் குழுத்தலைவரிடம், முதல் ஆட்டத்தில் தோற்றால் அடுத்த ஆட்டம் எப்போது என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதற்கு விடையாக ஒரு தேதியும் ஊர்ப்பெயரும் சொல்லப்படும் நாளில் அவர் பருவத்துக்கு ஒப்புக்கொள்ளட்டும்.